முன்னூறு மூடியும் ஹா அண்ணாச்சியும்

அன்றைக்குப் பேக்கிங் ஷெட்டில் மாரியம்மா அக்கா இருந்தாள். பொன்னுத்தாயி இருந்தாள். போர்மேன் இருந்தார். நான் இருந்தேன். கேட்டில் ஹா அண்ணாச்சி இருந்தார்.

எம். புதுப்பட்டிப் பக்கம் எத்தனையோ பட்டாசுக் கம்பெனி. எல்லாக் கேட்டிலும் ஒரு காவல்காரர் உண்டு. ஆனால் ஒரு தூசியைக்கூட உயிரோடு விடாத மனுசர் இவர் ஒருவர்தான். சூரியன் கைக்கு எட்டியிருந்தால் அதையும் துடைத்திருப்பார்.

எதைத் துடைத்தாலும் முதலில் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதுவார். பிறகுதான் துணி. அதனால் அந்தப் பேர். சொந்தப் பேர் சம்பளப் புத்தகத்துக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை விருதுநகர் போக பஸ் ஏறினார். ஜன்னல் மங்கல். ஹா. துடைத்தார். அடுத்த ஜன்னல். அதற்கடுத்தது. விருதுநகர் வந்தது. இறங்கவில்லை. "இன்னும் நாலு சன்னல் கெடக்குப்பா" என்று கண்டக்டரிடம் மல்லாங்கிணறுக்கு டிக்கெட் எடுத்தார்.

இன்னொரு நாள் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். அண்ணாச்சி சல்யூட் அடித்தார். அப்படியே முகத்துக்குக் கிட்டே போய் ஹா. அதிகாரி ரெண்டு எட்டு பின்னால் போனார்.

"அசையாதீக சார். கண்ணாடியில வெரல் ரேகை இருக்கு."

சங்கதிக்கு வருகிறேன். தீபாவளி சீசன். முன்னூறு கிப்ட் பாக்ஸ் ஆர்டர். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. எங்களில் எழுதத் தெரியாதவர்கள் உண்டு. அதனால் ஆளுக்கு ஒரு குறி. அக்காவுக்குச் சூலம். பொன்னுத்தாயிக்கு மீன். எனக்கு மூன்று புள்ளி. கட்டிய பெட்டியின் மூடியில் போடுவோம். ஒரு புஸ்வாணம் குறைந்தால் யார் பெட்டி என்று தெரியும். ஆபீஸ் வெள்ளைப் போர்டில் எழுதி அழிக்கிற பேனாதான். லோடு ஏறும்முன் துணியால் துடைத்தால் போய்விடும்.

அன்று பேனா தீர்ந்தது. கடைக்குப் போனது நான். வேறு பேனா வாங்கி வந்துவிட்டேன். பார்க்க அதே மாதிரி இருந்தது. இன்னும் கறுப்பாக எழுதியது. சந்தோஷப்பட்டேன்.

மதியம் துடைத்தோம். போகவில்லை. தண்ணீர் தொட்டோம். போகவில்லை. பொன்னுத்தாயி தலையில் இருந்த எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தாள். மீன் பளபளத்தது.

போர்மேன் பார்த்தார். கத்தினார்.

"நாலு மணிக்கு லாரி! எந்தக் கழுத இந்தப் பேனாவ வாங்குனது? தெரியட்டும், நாளைலருந்து அந்த ஆளுக்கு இங்கன வேலை கெடையாது!"

அக்கா என்னைப் பார்க்காமல் பெட்டியை அடுக்கினாள். என் வீட்டில் உலை கொதிப்பது என் ஒரு கூலியில்.

போர்மேன் பக்கத்து பிரஸ்ஸுக்குப் போன் போட்டார். மை துடைக்கிற தின்னர் டப்பா வந்தது. கேட்டில் அண்ணாச்சி மறித்தார்.

"தின்னர் உள்ள வராது. இது வெடிக் கம்பெனி."

"நான் போர்மேன்யா!"

"அது தின்னருக்குத் தெரியுமா?"

போர்மேன் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். தேய்த்தார். சூலம் போனது. மூடியும் போனது. புரை விழுந்த கண் மாதிரி வெளுத்துவிட்டது. அண்ணாச்சி அதைச் செத்த கோழியைத் தூக்குவதுபோலத் தூக்கினார். கண் கலங்கினார்.

"கொன்னுட்டீகளே."

பிறகு கிளம்பினார் பாருங்கள்! மூடிகளை மட்டும் கழற்றி, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னார். முன்பு எழுதிய அதே போர்டுப் பேனாக்கள் கடையிலிருந்து வந்தன. என் மூன்று புள்ளி மேல் அந்தப் பேனாவால் அழுத்தி எழுதினார்.

அக்கா அலறினாள். "ஏ, அழிக்கச் சொன்னா மேல எழுதுறாக!"

"அண்ணாச்சிக்கு மண்டையில வெயிலு ஏறிட்டு" என்றாள் பொன்னுத்தாயி.

"பொறுங்கத்தா. புது மை ஈரம். அது பழைய மைய எளக்கும். ரெண்டையும் சேத்துத் தூக்கிரலாம்."

ஹா சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஈரம் காயும்முன் பழைய வேட்டித் துணியால் ஒரே இழுப்பு.

புள்ளி மூன்றும் இல்லை! மூடியில் கீறல் இல்லை. வெளுப்பு இல்லை. மூடி வழியே வேப்ப இலை தெரிந்தது.

அப்புறம்தான் ஹா.

நாங்கள் எழுத, அவர் துடைக்க, ஓட்டம் ஓட்டமாக நடந்தது. பொன்னுத்தாயி அவசரத்தில் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்தாள்.

"ஏ தாயி! அது கீறும்! கீறலுக்கு மருந்து கெடையாது!"

நாரைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். வெளுத்த மூடிக்கு மாற்று மூடி வந்தது. லாரி ஹாரன் அடித்தபோது கடைசி மீன் போனது. லோடு ஏறியது.

போர்மேன் மறக்கவில்லை. "இப்பச் சொல்லுங்க. பேனா வாங்குனது யாரு?"



"நாந்தேன்" என்றார் அண்ணாச்சி.

"நீரா? காலையிலருந்து கேட்ட விட்டு நகரலையே!"

"நகந்தேன். எழுதிக்கிடுங்க."

போர்மேன் என்னைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். லோடைக் காப்பாற்றிய ஆளை அனுப்ப முடியாது. சொன்ன சொல்லையும் விழுங்க முடியாது.

"சரி. நாஞ் சொல்லுற வரைக்கும் வீட்டுல இரும்."

அண்ணாச்சி துணியை மடித்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீக?"

"வீட்டுல டியூப்லைட்டு அழுக்கா கெடக்கு. லீவு வேணும்லா" என்றார். போய்விட்டார்.

மறுநாள் கேட்டில் வேறு ஆள். தினமும் உள்ளே நுழையும்போது பார்ப்பேன். அவர் இல்லாத காலைகளை எண்ணி வைத்திருக்கிறேன்.

இன்றோடு ஒன்பது.