சுழிக்காட்டில் சுழன்ற பெருந்தலை

மழைக்கு இன்னும் வரி போடவில்லை என்ற ஒரே காரணத்தால் நல்லாட்சி என்று பெயரெடுத்த வளைகுடை நாட்டில், சுழிக்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் சிறிது, ஆனால் நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு விமானத்திடல் உண்டு. பெரிய விமானம் எதுவும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. இரண்டு பேர், மிஞ்சினால் நாலு பேர் உட்காரும் குட்டி விமானங்கள்தான். மிளகாய் வியாபாரி மிளகாயோடு பறப்பார், கோழிக்காரர் குஞ்சுகளோடு பறப்பார். அவரவர் விமானம், அவரவர் கையில்.

பூ வியாபாரி குருவம்மாவின் மஞ்சள் விமானமும் அதில் ஒன்று. விடியலில் மல்லிகை மொட்டை வாங்கி ஏற்றினால், வெயில் சுடுவதற்குள் பனிமேட்டுச் சந்தையில் இறக்கிவிடுவாள். சாலை வழியே போனால் மலையைச் சுற்றி ஒரு பகல். அதற்குள் மொட்டெல்லாம் வாய் பிளந்துவிடும். அப்புறம் அதை ஆடுதான் வாங்க வேண்டும்.

வளைகுடை நாட்டில் அரசரைத் தேர்தல் வைத்துத்தான் பிடிப்பார்கள். பிடிபட்டவருக்குப் பெருந்தலை என்று பட்டம். தோற்றவர் எதிர்த்தலை. ஒருநாள் பெருந்தலை சுழிக்காட்டுக்கு எழுந்தருளினார். அவரை வரவேற்க ஓடுதளத்தின் தென்கோடியில், குறுக்கே, பிரம்மாண்டமான அலங்கார வளைவு கட்டியிருந்தார்கள். வளைவின் உச்சியில் அவருடைய மரப்பலகை முகம். அதை ரசித்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் கம்பத்தின் காற்றுப்பை பட்டது. காற்று வரும் பக்கம் வாயைத் திறந்து, போகும் பக்கம் வாலை நீட்டும் சாதாரணத் துணிக்குழாய். அது வாலைத் தெற்கே நீட்டிக்கொண்டிருந்தது. தெற்கே எதிர்த்தலையின் ஊர்.

"அது ஏன்யா அவன் வீட்டைக் காட்டுது?"

விமானத்திடல் ஆணையர் கோமதிநாயகம் குனிந்தார். "வாடைக்காத்துங்க தலைவரே. வடக்கே இருந்து வீசுது."

"வடக்கே என் அரண்மனை இருக்கு. அங்கிருந்து கிளம்பி அவன் வீட்டுக்கா போகுது?"

மறுநாளே ஆணை வந்தது. 'இனி காற்று அரண்மனையை நோக்கியே வீசும். வேறு பக்கம் வீசும் காற்று கணக்கில் கொள்ளப்படாது.' காற்றுப்பையின் வாலை வடக்கே இழுத்து இரும்புக் கம்பியால் கட்டினார்கள்.

விமானம் எதிர்க்காற்றில்தான் சட்டென்று எழும்பும், பட்டத்தைப் போல. முதுகில் காற்றை வாங்கினால் ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது சட்டப்படி காற்று தெற்கிலிருந்து வருகிறது. அதனால் எல்லாரும் தெற்கு நோக்கி, வாடையை முதுகில் வாங்கிக்கொண்டு, வளைவை நோக்கி ஓட வேண்டும். முதலில் ஓடியவர் மிளகாய் வியாபாரி சங்கிலிக்கருப்பன். வளைவிலிருந்த பெருந்தலையின் மீசையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு தாமரைக் குளத்தில் போய் விழுந்தார். உயிர் பிழைத்தது, மீசைக்கு அபராதம் கட்டினார். இனி யாரும் மீசையில் மோதக் கூடாது என்று வளைவை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். காற்றைச் சந்தேகிப்பவர் நாட்டைச் சந்தேகிப்பவர் என்று மற்றோர் ஆணையும் வந்தது.

விமானங்கள் கொட்டகையில் தூங்கின. பனிமேட்டுத் தேர்த்திருவிழா நெருங்கியது. தேருக்குப் பூ போகாவிட்டால் மலைச்சந்தையை வேறொருவன் பிடித்துக்கொள்வான். சட்டப்படி பறந்தாலோ கழுத்து போகும். குருவம்மா இரண்டையும் விடுவதாக இல்லை.

"எல்லாருமாச் சேந்து மனு குடுப்போம் தாயி" என்றார் கட்டுப்போட்ட காலோடு சங்கிலிக்கருப்பன்.

"மனு குடுத்தா வாங்கி வச்சுக்குவாக அண்ணே. பேரம் பேசுனாத்தான் எறங்குவாக."

நேரே ஆணையரிடம் போனாள்.

"ஐயா, ஓடுதளத்து ஓரமா நம்ம தலைவருக்கு நூறடிச் சிலை வைக்கணும். பஞ்சலோகம்."

"நூறடியா!"

"கொறஞ்சா மரியாதை இல்லீங்க. அதுவும் சுத்துற சிலை."

"எதுக்கும்மா சுத்தணும்?"

"எந்தப் பக்கம் புயல் வந்தாலும் நம்ம தலைவர் மூஞ்சியத் திருப்பி எதிர்த்து நிப்பாரா, மாட்டாரா?"

ஆணையர் வாசலைப் பார்த்தார். "நிப்பாரு, நிப்பாரு."

"அப்ப சுத்தணும்."

கோமதிநாயகமும் சந்தையில் கத்திரிக்காய்க்கு மல்லுக்கட்டி வளர்ந்தவர்தான். ரத்தம் சூடேறியது. "ஐம்பதடி."

"தலைவரைப் பாதியா வெட்டுறீகளா? வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?"

"சத்தம் போடாத தாயே! கல்லுல செய்வோம்."

"கல்லு சுத்துமாய்யா?"

"மரம்?"

"தலைவரைக் கரையான் அரிச்சா நீங்க பதில் சொல்லுவீகளா?"

இறங்கி இறங்கி, கடைசியில் ஆளுயரத் தகரத்தில் வந்து நின்றது. முன்னால் மூக்கு எடுப்பான பக்கவாட்டு முகம், பின்னால் பறக்கிற மாதிரி அகலமான சால்வை, அடியில் சைக்கிள் சக்கரத்து அச்சு. குருவம்மா நொடித்துப்போனவள் மாதிரி பெருமூச்சு விட்டு எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"சரிங்கய்யா, ஏழை சொல் எடுபடலை. அவரு பக்கத்துல அந்தத் துணிக்கந்தல் மட்டும் வேண்டாம். அவரு பாக்குற திசையிலதான் நாங்க பறப்போம்னாவது ஆணையில ஒரு வரி போடுங்க."

"போட்டாச்சு போ!" என்றார் ஆணையர். பூக்காரியையே பேரத்தில் அடித்த பூரிப்பில், காற்றுப்பையை இறக்கும் ஆணையிலும் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

தேருக்கு முந்தின நாள் திறப்பு விழா. முதல் விமானம் குருவம்மாவுடையது. ஈரத்துணி மூடிய கூடைகளோடு காத்திருந்தாள். கம்பத்தில் ஏற்றிய தகரப் பெருந்தலை வாடையை எதிர்த்து வடக்கே, தன் அரண்மனையையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்சிக்காரர்கள் அதன் முகத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நிஜப் பெருந்தலை பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது, கூடைக்குள் மொட்டுகள் நெகிழத் தொடங்கின.

அப்போது காற்று மாறியது. தகரம் கிறீச்சென்று கிழக்கே திரும்பியது. கட்சிக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த சூடு ஆறவில்லை, இன்னொரு கிறீச்! இப்போது தெற்கு. மூக்கு நேராக எதிர்த்தலையின் ஊரைப் பார்த்தது.

பேச்சு நின்றது. ஆணையர் மேடைக்குப் பின்னால் நழுவினார். குருவம்மா கூடைகளின் ஈரத்துணியை இழுத்து மூடினாள். இதையும் கம்பி வைத்துக் கட்டச் சொன்னால் தேரும் போச்சு, சந்தையும் போச்சு.

பெருந்தலை மேடையிலிருந்து இறங்கி வந்து தகரத்தை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனையோ பேரு எனக்குச் சிலை வச்சிருக்கான். என்னைய இவ்வளவு சரியா எவனும் புரிஞ்சிக்கிட்டதில்லய்யா!"

கொடியை அசைத்தார். குருவம்மா விமானத்தைத் தெற்கே திருப்பி முடுக்கினாள். எதிர்க்காற்று சிறகுக்கு அடியில் கைகொடுத்தது. பாதித் தளத்திலேயே சக்கரம் தரையை விட்டது. உயர்த்திக் கட்டிய வளைவும், ஒட்டுப்போட்ட மீசையும் வெகு கீழே ஓடின. அவள் தன்னையறியாமல் ஒரு குலவை போட்டாள்.

வட்டமடித்துக் கீழே பார்த்தாள். பெருந்தலையின் வண்டி அரண்மனைச் சாலையை விட்டுவிட்டுத் தெற்குச் சாலையில், எதிர்த்தலையின் வீட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. பின்னால் தலையில் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு கூட்டம், தலைவர் வாழ்க என்று, புழுதி கிளப்பி ஓடியது.

விமானம் இலேசாக இடப்பக்கம் சாய்ந்தது. குருவம்மா பிடியை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். காற்று மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது. கீழே நாற்காலி தூக்கியவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.