நாக்கில் ஒரு சொட்டு

நாக்கை வைத்தே உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த ஊர்க் குழாயடியில் நின்றாலும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்தவர் போலத் திறப்பார்கள்.

நல்லம்பள்ளிப் பக்கம் தோட்டத்துக்குள் விடுதி கட்டி, நடுவில் நீச்சல் குளமும் வெட்டிய வெங்கடாசலம் இந்த இனத்தின் மூத்த உறுப்பினர். சுற்றுவட்டாரத்தில் யார் போர் போட்டாலும் முதல் தண்ணீர் அவர் நாக்குக்குத்தான். உப்பு, சவர், இனிப்பு. மூன்றே சொல். எந்த மெஷின் இவ்வளவு சுருக்கமாகப் பேசும்?

கார்த்திகை மழை குளத்தில் கொட்டி, போட்டிருந்த குளோரினைக் கரைத்துக்கொண்டு போனது. மார்கழிக் குளிரில் மனிதர்களும் இறங்கவில்லை, பாசியும் தலைதூக்கவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மாசி முதல் ஞாயிறு தருமபுரியிலிருந்து நீச்சல் சொல்லித்தரும் சுசித்ரா டீச்சர் குளத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. குளம் பிடித்துவிட்டால் கோடை முழுக்க அறுபது பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு இங்கேதான்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் மாதவராஜ், சோதனைக் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டுக் காட்டினான்.

“மஞ்சளா மாறணும்ங்ணா, மாறவே இல்ல. குளோரின் துளிகூட இல்லீங்க. வெயில் ஏறுனா பச்ச புடிச்சிரும்.”

வெங்கடாசலம் குனிந்தார். ஒரு சொட்டு. கண்ணை மூடித் திறந்தார்.

“எளநியாட்டம் இருக்குது. உன் மருந்துதான் பழசாயிருக்கும்.”

தை முழுக்க தினமும் அவன் குப்பியைக் காட்டினான். தினமும் அவர் நாக்கைக் காட்டினார்.

மாசி பிறந்து வெயில் ஏறியது. ஞாயிறு டீச்சர் வந்து நின்றபோது குளம் கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் இருந்தது. வெங்கடாசலம் அசரவில்லை. டீச்சர் முன்னாலேயே ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்தார்.

“நெறத்தப் பாக்காதீங்க டீச்சர். ருசி மாறல.”

“நான் குடிக்க வரலீங்க,” என்றார் டீச்சர். பக்கத்தில் வேறு குளம் எங்கே இருக்கிறது என்று மாதவராஜிடம் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கார் கிளப்பிய புழுதி அடங்கும்வரை வெங்கடாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். கோடை வகுப்பு கைவிட்டுப் போய்விட்டது.

“அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா மாதவா? வெளுத்துக் கெடக்குது. ரத்தம் கம்மி. அதான் இவ்ளோ கோவம்.”

மாதவராஜ் குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

நீங்கள் அப்படியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பவர். நெற்றியைத் தொட்டு “லேசான சூடுதான்” என்று தெர்மாமீட்டரை உறைக்குள் திருப்பி வைத்ததே கிடையாது. நம்புகிறேன். ஆனால் இதில் நாலு வரி படிப்பதற்குள், அட, இது நம் பக்கத்து வீட்டுக்காரரேதான் என்று முடிவுகட்டிவிட்டீர்களே, எதை வைத்து?