வீட்டுக் காபி இயந்திரக் கொள்முதல் படலம்

எங்கள் வீட்டுக் காபி இயந்திரம் திடீரென்று நிதானமாகச் சொட்ட ஆரம்பித்தது. முன்பெல்லாம் என் மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் ஜாடி நிறைந்திருக்கும். இப்போது அவள் குளித்து, தலை காய்ந்து, என்னைத் திட்டி முடித்த பிறகும் அரை ஜாடிதான். அவள் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தர். திங்கட்கிழமை காலை அதிகாரி பதவிக்கு நேர்முகத் தேர்வு. காபி இல்லாவிட்டால் அவளுக்கு மண்டையிடி வரும். வந்தால் வீட்டில் யாருக்கும் பாதுகாப்பில்லை.

"ஏங்க, அதுக்குள்ள புதுசா ஒண்ணு வாங்கிடுங்க. கடைக்குப் போனோமா, வாங்கினோமான்னு இருக்கணும்."

யாரிடம் பேசுகிறோம் என்பதை அவள் மறந்துவிட்டாள். கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் நான். துடைப்பம் வாங்கக்கூடத் துணைக்குழு அமைத்தவன்.

பழைய பொருள் இருக்கும்போது புதியது வாங்க விதியில் இடமில்லை. ஆகவே பழையதை உபயோகமற்றது என்று தீர்மானித்து, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

"உள்ள உப்புதாங்க படிஞ்சிருக்கும்! வினிகர் ஊத்தி ஒரு தடவ ஓட்டியிருந்தா சரியாப் போயிருக்குமே!" என்றாள் மனைவி.

"ஆட்சேபணைய முன்னாடியே தெரிவிச்சிருக்கணும்" என்றேன்.

அடுத்தது நிபுணர் கருத்து. மனைவியின் தம்பி வந்தான். அவன் சமீபகாலமாகக் காபி குடிப்பதில்லை, ஆராய்கிறான். ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடி, "பின்னாடி ஆரஞ்சுத் தோல் தெரியுது" என்பான். எனக்குத் தெரிவதெல்லாம் நாக்கு சுட்டது மட்டும்.

பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் இரண்டு இயந்திரங்களை அனுப்பியிருந்தார். தம்பி விளக்கினான்.

"இதுக்குள்ள பம்பே கிடையாது அத்தான். தொட்டித் தண்ணி அடியில இருக்கிற குழாய்க்கு இறங்கும். அங்க சூட்டுல கொதிச்சு, ஆவிக் குமிழி தண்ணிய மேல தள்ளும். அது தூள் மேல தெளிச்சு, வடிஞ்சு ஜாடிக்கு வந்துரும்."

"வந்த வழியே திரும்பிப் போயிடாதா?"

"நடுவுல ஒரு அடைப்பான் இருக்கு. ஒரு தடவ இறங்கினா திரும்ப முடியாது."

நான் நெகிழ்ந்துபோனேன். அடியில் சூடு வைத்தால்தான் மேலே போகும் என்பது எங்கள் கோப்புகளுக்கும் பொருந்தும். ஆனால் வந்த வழியே திரும்பாத கோப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

ஒன்றுக்குக் கண்ணாடி ஜாடி, அதன் அடியில் சூட்டுத் தட்டு. மற்றதற்கு பிளாஸ்க் மாதிரி ஜாடி.

"தட்டு மேலேயே கிடந்தா காபி கருகிக் கசக்கும். பிளாஸ்க்தான் சரி. ஆனா தண்ணி தூள் முழுக்கப் பரவி விழுதான்னு பாக்கணும் அத்தான். சூடு எவ்வளவுன்னு அளக்கணும்."

"தினம் குடிக்கப்போறது நான் ஒருத்தி" என்றாள் மனைவி. "சின்னதா, கழுவச் சுலபமா இருந்தாப் போதும்டா."

அவள் பயனாளி. பயனாளியிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது.

ஞாயிறு வந்தும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை மாதிரிப் பொருளை யாரும் பயன்படுத்தக் கூடாது. எனவே இரண்டின் மூடியிலும் அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். கட்டைவிரலையும் சுட்டுக்கொண்டேன். தம்பி தன் பங்குக்கு, வீட்டிலிருந்த காபித்தூளைக் குப்பையில் கொட்டினான். அரைத்து அரைமணி ஆனால் தூள் செத்துவிடுமாம். பதிலுக்கு ஒரு பை காபிக்கொட்டை வாங்கிவைத்தான். அரைக்கிற இயந்திரத்தை இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை மனைவி சமையலறையில் நின்றாள். இந்தப் பக்கம் ஓர் இயந்திரம், அந்தப் பக்கம் ஓர் இயந்திரம், நடுவே கொட்டை.

"காபி எங்க?"

"இறுதிக் கட்டப் பரிசீலனையில இருக்கு."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பதவிக்காக அவள் அடுப்படியிலேயே புத்தகத்தை விரித்துவைத்துப் படித்ததைப் பார்த்தவன் நான். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று அன்று முழுக்க என்னையே நொந்துகொண்டேன்.

மாலையில் நெற்றி நிறையத் தைலத்தோடு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தலை வெடிக்குதுங்க. முதல் கேள்விக்கு, 'இப்ப எதுவும் சொல்ல முடியாது'ன்னேன். அடுத்ததுக்கு, 'அது என் வேலை இல்ல'ன்னேன். இன்னொருத்தர் வாயத் திறந்தாரு. 'நாளைக்கு வாங்க'ன்னுட்டேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"எல்லாரும் எழுந்து நின்னு கை குலுக்கினாங்க. இவ்வளவு நிர்வாகத் திறமையோட இதுவரைக்கும் யாருமே வரலியாம். பதவி எனக்குத்தானாம்."

நான் ஓடிப்போய் முத்திரையை உடைக்கக் கத்தியை எடுத்தேன். அவள் தடுத்துவிட்டாள்.

"வேணாங்க. காபி குடிச்சா, வர்றவங்களுக்கெல்லாம் வேலைய முடிச்சுக் குடுத்துருவேனோன்னு பயமா இருக்கு."

இரண்டு இயந்திரங்களும் கடைக்கே திரும்பிவிட்டன.

ஆனால் விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. இப்போது விடிந்தால் எங்கள் வாசலில் கூட்டம். உரிமம் கேட்டு அலைகிறவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்க் காபியோடு நிற்கிறார்கள். கடைக்காரர் முன்வரிசையில் நிற்கிறார். தம்பியும் நிற்கிறான், காபிக்கடை வைக்கப் போகிறானாம். அந்தக் காபிகளில் எதை உள்ளே அனுமதிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க, முன்அனுபவம் கருதி, மனைவி என்னை நியமித்திருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்திருக்கிறேன்.