மாடிப்படி ஒத்திவைக்கப்படுகிறது

உலகத்தில் எந்தத் திருமணமும் சண்டையால் முறிவதில்லை. சண்டையை முறைப்படி ஒத்திவைக்கத் தெரியாததால்தான் முறிகிறது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தது எங்கள் நகராட்சியின் 'இல்லற நல்லிணக்கப் பிரிவு'. அதன் தலைவர், செயலாளர், பியூன் எல்லாம் நான்தான். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு குரல் உயர்ந்ததில்லை என்பதை, தகுதிச் சான்றாக மட்டும் இங்கே பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

எங்கள் பிரிவின் ஒரே ஆயுதம் 'ஒத்திவைப்புப் பதிவேடு'. நீல அட்டை, இருநூறு பக்கம். எந்த விஷயத்தில் கணவன் மனைவிக்கு முகம் சிவக்கிறதோ, அதை அதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். அது அலுவலக ரகசியம்.

வீட்டு வேலை நடக்கும் காலமே இல்லறத்துக்குச் சோதனைக் காலம் என்பது எங்கள் ஆய்வு முடிவு. பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் இந்தக் குன்றுச் சரிவில் யாரும் வீட்டைக் கட்டி முடிப்பதில்லை. கீழ்த்தளத்தை எழுப்பி, என்றாவது மாடி வரும் என்று மேலே கம்பிகளை நீட்டி விட்டுவிடுவோம். ஃபோர்துனாத்தோ யுபாரி வீட்டுக் கம்பிகள், துருப்பிடிக்காமல் இருக்கத் தலைக்கு ஒரு காலி பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு, பதினெட்டு வருடம் நின்றன. சென்ற வருடம் பாட்டில்கள் இறங்கின. மேஸ்திரி தியோதுலோ ஏணியோடு வந்தார். மூன்றாம் நாளே யுபாரி தம்பதி என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள்.

"படி வீட்டுக்குள்ளேர்ந்துதான் ஏறணும் சார்," என்றார் ஃபோர்துனாத்தோ. வேன் ஓட்டுகிறவர், ஆளும் வேன் அகலம்.

"தெருவுலேர்ந்து ஏறணும்," என்றார் மனைவி சொராய்தா. பள்ளிச் சீருடை தைப்பவர். "பதினெட்டு வருஷமா சாப்பாட்டு மேஜையில தைக்கிறேன். சூப்புல நூலு, சட்டையில சூப்பு. மேல என் தையல்கூடம் வரணும். அளவு கொடுக்க வர்றவங்க நேரா தெருவுலேர்ந்து மேல போகணும்."

"மேல நான் கால நீட்டி ஃபுட்பால் பாக்கற ரூம்."

"கீழ பாத்தா பந்து கோலுக்குள்ள போகாதா, குண்டு?"

"நம்ம டீமுக்கு எங்க பாத்தாலும் போகாது, ஒல்லி. அதுவா இப்ப கேள்வி?"

நிலைமை எல்லை மீறுவதைக் கண்டு பதிவேட்டைத் திறந்தேன். 'விஷயம்: மாடிப்படி. முடிவு: ஒத்திவைப்பு.' இருவரும் கையெழுத்திட்டார்கள். இருவரும் பேசாமல் வீடு திரும்பினார்கள். என்ன ஓர் அமைதி!

வாரம் தவறாமல் வந்தார்கள். வாரம் தவறாமல் ஒத்திவைத்தோம். முன்பெல்லாம் தெருவே கேட்கச் சண்டை போட்டு, தெருவே கேட்கச் சிரிக்கும் ஜோடி அது. ஆறாம் வாரம் நான் நேரில் ஆய்வுக்குப் போனபோது கேட்ட உரையாடலை மேலிடத்துக்கு அப்படியே எழுதி அனுப்பினேன்:

"உப்பைத் தர இயலுமா?"

"தாராளமாக."

குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. இதைவிட உறுதியான இல்லறம் உண்டா?

இடைஞ்சல் செய்தவர் மேஸ்திரி ஒருவர்தான்.

"ஐயா, படி எங்கன்னு சொல்லுங்க. உள்ளேன்னா தளத்துல ஓட்டை போடணும். வெளியேன்னா செவுத்துல வாசல் விடணும்."

"ஓட்டை, வாசல் இரண்டும் உணர்ச்சியைத் தூண்டும் சொற்கள். தவிர்க்கவும்."

"அப்ப எப்படித்தான் மேல போவாங்க?"

"இப்போது எப்படிப் போகிறார்கள்?"

"என் ஏணியில."

"பிறகென்ன?"

மேஸ்திரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கட்டட வேலைக்காரர்களுக்குத் தொலைநோக்கு போதாது என்று குறித்துக்கொண்டேன்.

மேல்கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று, எங்கள் ஊர் வழக்கப்படி கூரைக்கு ஞானத்தந்தையாக நின்று ரிப்பன் கட்டிய பாட்டிலை உடைத்தவனும் நானே. சில வாரம் கழித்து, கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரித்தார்கள். அன்றே 'உறுதியான இல்லறம்' விருதுப் பலகையை வழங்க ஏற்பாடு செய்தேன். எல்லோரும் ஏணியில் ஏறினோம். நாற்பது நிமிடம் பேசினேன். எல்லோரும் வேகமாக இறங்கினார்கள். தெருவில் கோழிச் சோறு. ஒரே கண்ணாடி டம்ளர் பீரோடு கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. பதினோராவது ஒத்திவைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, பதிவேட்டோடு சொராய்தா மட்டும் மேலே தங்கினார்.

டம்ளர் என்னிடம் வருவதற்குள், மேஸ்திரி ஏணியை எடுத்து மூன்று சக்கர வண்டியின் மேல் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி! ஏணி!" என்று கத்தினார் ஃபோர்துனாத்தோ.

"அடுத்த வேலைக்குப் போகணும் ஐயா. அம்மாதான் எடுத்துக்கச் சொன்னாங்க. வீடு உங்களோடது, ஏணி என்னோடது."

மேலேயிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. காலையிலேயே கான்கிரீட் வாளி ஏற்றும் கப்பியில் மெஷினை ஏற்றி, மூலையில் சாக்கால் மூடி வைத்துவிட்டாராம். கண்ணாடி போடாத ஜன்னலில் சொராய்தாவின் தலை தெரிந்தது.

"ஒல்லி! எறங்குடி!"

"எதுல எறங்க? ஒத்திவச்ச படியிலயா?"

"பேசித் தீத்துக்கலாம்!"

"பேசினாத்தானே! இத்தனை வாரமா என்கிட்ட உப்பு மட்டும்தான் கேட்டிருக்க. நீ என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? மேல ரூமு இல்லாமக்கூட இருந்துடுவேன். இந்த 'இயலுமா' வீட்டுல இருக்க முடியாது, குண்டு. எங்கக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு துணியெல்லாம் மடிச்சு வச்சிட்டேன்."

டம்ளர் யாரோ ஒருவர் கையில் அப்படியே நின்றது.

ஃபோர்துனாத்தோ தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு ஃபுட்பால் ரூமு எதுக்குடி, மக்கு! வெளியில படி வச்சா காலையில ஏறிப் போயிடுவ. மத்தியானம் சாப்பிட வந்தா உன் மூஞ்சியப் பாக்க முடியுமா? உள்ள படி இருந்தா ஏறும்போதும் எறங்கும்போதுமாவது பாப்பேன். இதப் போய் ஆபீசுல உக்காந்து எப்படிச் சொல்றது?"

"மொத நாளே சொல்லியிருக்கலாமே, கழுத!"

"கழுதை என்பது விதி நான்கின்படி..." என்று தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. தெருவின் இரு முனையும் கேட்க, இருபது நிமிடம் நடந்தது அந்தச் சண்டை. பேச்சில் சூப்பு வந்தது, வேன் வந்தது, மாமியார்கூட வந்து போனார். கடைசியில் மேஸ்திரி குறுக்கிட்டார்.

"படி வெளியவே இருக்கட்டும். முன் ஜன்னலை ஒட்டித் திருப்பி விட்டுடறேன். அம்மா ஏறும்போதும் எறங்கும்போதும் ஐயா உள்ள உக்காந்து பாத்துக்கலாம். இதுக்கா பதினோரு வாரம்?"

முதலில் சிரித்தது மேலேயா கீழேயா என்று தெரியவில்லை. தெருவே சிரித்தது.

கடமை தவறாதவன் நான். அண்ணாந்து சொன்னேன்: "சொராய்தா அம்மா, ஒத்திவைப்பை ரத்து செய்யவும் பதிவேட்டில் முறைப்படி..."

"அதத்தான் சார் பாத்துட்டிருக்கேன். மொதப் பக்கம் ஒட்டியிருந்துது. தெரியாம ஒட்டிக்கிச்சு, பாவம்னு கத்திரியால பிரிச்சேன்." அவர் உரக்கப் படித்தார்: "'விஷயம்: மனைவி அரேக்கிபாவிலிருந்து எப்போது திரும்பி வருவது. முடிவு: ஒத்திவைப்பு.' தேதியப் பாத்தா ஒம்பது வருஷம் ஆச்சே! கையெழுத்து ஒண்ணுதான் சார் இருக்கு, உங்களோடது. இன்னொண்ணு எங்க?"

அரேக்கிபா இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் குரலை உயர்த்தியும் கேட்காது.

யாரோ என் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள். மேஸ்திரி ஏணியை அவிழ்த்துச் சுவரில் சாய்த்தார். சொராய்தா இறங்கி வந்து கணவரின் தட்டிலிருந்தே சாப்பிட்டார்.

விருதுப் பலகையை யுபாரி தம்பதி வாங்க மறுத்துவிட்டார்கள். அதற்குத் தகுதியான வேறு வீடு கிடைக்காததால் என் வீட்டிலேயே மாட்டியிருக்கிறேன். எந்தச் சுவரில் மாட்டுவது என்று சண்டை போட அங்கே யாரும் இல்லை.