கொரோலாவின் வாயைக் கட்டிய வாரம்

எஃப்ரயீனின் கொரோலா கார் பாலத்தில் ஏறிய அதே நொடியில், மேட்டுத் தெருவில் நெரெய்தாவின் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

இன்றும் அப்படித்தான். நேற்றும் அப்படித்தான். பாலத்திலிருந்து பார்த்தால் அவள் வீட்டு பால்கனி சின்னதாகத் தெரியும். நாற்காலியில் ஒரு மஞ்சள் கவுன் உட்கார்ந்திருக்கும். வண்டியின் உறுமல் மேலே போய்ச் சேர்ந்ததுமே அந்த மஞ்சள் கவுன் துள்ளி எழுந்து உள்ளே ஓடிவிடும்.

மூன்று வளைவுகள் ஏறி எஃப்ரயீன் தன் வீட்டு வாசலில் வண்டியை அணைக்க நான்கு நிமிடம் பிடிக்கும். அணைத்த மறுநிமிடம் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். நெரெய்தா பூவாளியோடு பளிச்சென்று வந்து நிற்பாள்.

"என்ன எஃப்ரயீன், வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. நீங்க?"

"பள்ளிக்கூடத்துல இருநூறு பிள்ளைங்களுக்குச் சோறாக்கிட்டு வந்தா, இங்க இந்தச் செடிங்க வாயைத் தொறந்துகிட்டு நிக்குது."

இதற்கு எஃப்ரயீன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். பத்து நிமிடம் இப்படிப் போகும். தண்ணீர் பம்ப் நிலையத்தில் எட்டு மணி நேரம் அவன் வேலை பார்ப்பதே இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். நாற்பத்தேழு வயது பிரம்மச்சாரி இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

வருகிற சனிக்கிழமை அன்யாஸ்கோ ஊர்த் திருவிழா. சதுக்கத்தில் பாட்டு, நடனம், பொரித்த மீன், எல்லாம் உண்டு. தனியாக வாழும் நெரெய்தாவை அதற்குக் கூப்பிட வேண்டும் என்று மூன்று மாதமாக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறவளை, அதே வண்டியில் ஏறச் சொல்லி எப்படிக் கூப்பிடுவது?

திங்கட்கிழமை மாலையே மெக்கானிக் மெலோவிடம் போய் நின்றான்.

"சத்தத்தைக் குறைக்கணும் மச்சான்."

மெலோ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வண்டி ஓடுற வரைக்கும் நெரெய்தா கதவைச் சாத்தியே வெச்சிருக்கா. எஞ்சினை அணைச்சாதான் தொறக்கறா. இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?"

சாட்சி பலமாகத்தான் இருந்தது. மெலோ மறுபடி ஸ்பானரை எடுத்தான்.

அது எண்பத்தெட்டாம் வருஷத்து கொரோலா. எங்கள் ஊரில் வாத்தியாரும் ஓட்டுவார், பாதிரியாரின் அக்காவும் ஓட்டுவார். சாதுவான வண்டி. பாகங்கள் எங்கும் கிடைக்கும், தப்பாக மாட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. அதனாலேயே கை துறுதுறுக்கும் ஆசாமிகளுக்கு அதன்மேல் ஒரு கண். எஃப்ரயீன் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளத்தில் பாதியை அதற்குத்தான் ஊட்டினான். ஸ்ப்ரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கினான். பின்னால் இஸ்திரி மேசை அகலத்துக்கு ஓர் இறக்கை. அடியில் ஊதா விளக்கு. கத்தரிப்பூ நிறம். சைலன்சர் இருந்த இடத்தில் கை நுழைகிற அகலத்துக்கு ஒரு குழாய். பின் கண்ணாடியில் 'செல்லக்குட்டி' என்று பொன்னெழுத்து. அம்மா சாகும்வரை, "இந்தச் சனியனையே கட்டிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெலோ குழாயைக் கழற்றிப் பழைய சைலன்சரை மாட்டினான். சாவியைத் திருப்பினால் கொரோலா முனகியது. பல் பிடுங்கின வாய்போல இருக்கிறது என்றான் மெலோ.

செவ்வாய்க்கிழமை மாலை பாலத்தில் ஏறும்போது மேலே பார்த்தான். மஞ்சள் கவுன் அசையவில்லை! அவனுக்கு உள்ளம் துள்ளியது.

ஆனால் தெருவும் அசையவில்லை என்பது விரைவில் தெரிந்தது. முதல் வளைவில் நடுரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. வழக்கமாகப் பாலத்துச் சத்தத்துக்கே எழுந்து ஓரம் போய்விடும் நாய். இறங்கிப் போய்க் கெஞ்சி எழுப்பினான். இரண்டாம் வளைவில் ஏழு கோழிகள். ஹாரன் அடித்தால் அவளுக்குத் தொந்தரவாகிவிடுமே என்று, அவற்றையும் இறங்கிக் கையால் விரட்டினான். மூன்றாம் வளைவில் ரொட்டி வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்த பெரியவர் பின்னாலேயே நடை வேகத்தில் ஊர்ந்தான்.

வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தான்.

பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்த நெரெய்தா நிமிர்ந்து பார்த்தாள். "அய்யோ கடவுளே!" என்று ஒரு கத்தல். எஃப்ரயீன் இறங்கி நிமிர்வதற்குள், பக்கத்திலிருந்த துணிக்கூடையை எடுத்து அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கூடையோடு ஓடினாள். கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். பின்வாங்கி, குறிபார்த்து, மறுபடி ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. அன்று அது திறக்கவே இல்லை. செடிகளுக்குத் தண்ணீரும் இல்லை, எஃப்ரயீனுக்குப் பத்து நிமிடமும் இல்லை.

"கூடையா?" என்றான் மெலோ மறுநாள் காலை.

"கூடை."

"மூஞ்சியக் காட்டவே பிடிக்கலயோ?"

"அதைத்தான்டா நானும் ராத்திரி பூரா யோசிச்சேன்."

மெலோ வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். "சத்தம் போயும் ஓடுறான்னா, உருவம்தான் மச்சான் பிரச்சினை. நீயே பாரு. இறக்கை, ஊதா விளக்கு... பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ரவுடிப் பையன் வண்டியாத் தெரியும்."

"நீதானடா அந்த இறக்கையை மாட்டின!"

"நான் மாட்டும்போது நீ யாரையும் நேசிக்கலயே."

நேசிக்கிறோமா என்று எஃப்ரயீன் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டதும் ஆமாம் என்று பதில் வந்துவிட்டது.

புதனும் வியாழனும் விடுப்பு எடுத்தான். இறக்கை இறங்கியது. ஊதா விளக்கு போயிற்று. புது ஸ்ப்ரிங் போட்டு வண்டி உயர்ந்தது. கத்தரிப்பூ நிறத்தின்மேல் மெலோ சாம்பல் நிறத்தைத் தெளித்தான். 'செல்லக்குட்டி'யின் எழுத்துகளை மட்டும் எஃப்ரயீன் யாரையும் தொடவிடாமல் தானே நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தான். அழவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறான். மெலோ பக்கத்தில்தான் இருந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, ஊரே அடையாளம் காணாத ஒரு வண்டி மேட்டுத் தெருவில் ஏறியது. மீட்டர் பார்க்கிற ஆள் என்று நினைத்து ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பால்கனியில் நெரெய்தா முதுகைக் காட்டி உட்கார்ந்து தொலைபேசியில் யாருக்கோ அவரைக்கொட்டைச் சாதத்துக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். துண்டு ஒன்று தலையிலும் நாற்காலி முதுகிலுமாக அவளைப் பாதி மறைத்திருந்தது.

எஃப்ரயீன் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமினான்.

"வணக்கங்க."

தொலைபேசி ஒரு பக்கம் பறந்தது. நெரெய்தா பால்கனிச் சுவருக்குப் பின்னால் தொப்பென்று குத்தவைத்துக்கொண்டாள். ஒரு கையால் துண்டு மட்டும் வெடுக்கென்று உள்ளே இழுக்கப்பட்டது.

"நெரெய்தா வீட்ல இல்லைங்க!" என்றது சுவருக்குப் பின்னாலிருந்து நெரெய்தாவின் குரல்.

இந்த அளவுக்கா? ஆனாலும் ஒரு பெண் இல்லை என்று சொன்னால் இல்லைதான்.

"சரிங்க. வந்தாங்கன்னா எஃப்ரயீன் விசாரிச்சான்னு சொல்லுங்க."

"சொல்றேங்க."

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

"பரவாயில்லைங்க. போய்ட்டு வாங்க."

வீட்டுக்குள் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தான். இனி கழற்ற வண்டியில் ஒன்றும் மிச்சமில்லை. வண்டிதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை மயாகுவேஸ் நகரத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார். தன் மாமியாருக்கு அமைதியான கார் தேடிக்கொண்டிருந்தாராம். மெலோ தகவல் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு, பார்க்கத் தாங்காது என்று வராமல் இருந்துவிட்டான். சதுக்கத்தில் மேளக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற சத்தம் காற்றில் வந்துகொண்டிருந்தது.

மருத்துவர் வண்டியைத் தட்டிப் பார்த்தார். எஞ்சினைப் போட்டுக் காது கொடுத்தார்.

"அருமை! ஓடுதா இல்லையான்னே தெரியல."

எஃப்ரயீன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இதுல யாரும் கையக் கிய்ய வெச்சு கெடுக்கலையே? இப்பல்லாம் இந்தப் பசங்க கொரோலா கிடைச்சா விடறதில்ல."

"இல்லைங்க." எஃப்ரயீன் கார்க் கூரையைத் தடவினான். "யாரும்... கை வைக்கல."

"நல்லா வெச்சிருக்கீங்க. எதுக்கு விக்கறீங்க?"

"எதிர்வீட்டுக்காரங்களுக்குப் பிடிக்கலைங்க."

மருத்துவர் எதிர்வீட்டைப் பார்த்தார். அந்தக் கதவு திறந்தது. வந்தது நெரெய்தா இல்லை, அவள் மகள் யாரெலிஸ். நர்ஸ் படிப்புக்காக நகரத்தில் இருப்பவள், திருவிழாவுக்காக வந்திருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு நேராகத் தெருவைக் கடந்து எஃப்ரயீன் முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"எஃப்ரயீன் அய்யா, உங்ககிட்ட ஒரு புகார் சொல்லணும்."

"தெரியும்மா," என்றான் எஃப்ரயீன். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "உங்கம்மாகிட்ட சொல்லிடு. நாளையிலேர்ந்து இந்த வண்டி இந்தத் தெருவுல இருக்காது. நான் வேன்ல போய் வேன்ல வந்துக்கறேன். அவங்க நிம்மதியா பால்கனியில உட்காரலாம்."

"வேன்லயா?" யாரெலிஸ் பதறிப்போய் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பழைய குழாய இன்னைக்கே மாட்டுங்க! அந்தச் சத்தம் பாலத்துல கேட்டாத்தான் எங்கம்மா உள்ள ஓடி, முடி சுருளத் தலையில சுத்தியிருக்கிற பதினெட்டு ரோலரையும் உருவிட்டு, உதட்டுச் சாயம் பூசி, நீங்க வந்து நிக்கறதுக்குள்ள வாளியோட வெளிய வர முடியும்!"