இடுப்பில் கை வைத்துக் கடல் பார்ப்பவர்கள்

மடவையும் இறாலும் நண்டும் போக, பழவேற்காட்டுக் கரையில் இன்னொரு ஜீவராசி உண்டு. வலையில் விழாது, சொல் பொறுக்காது, பதினாறு வயதில் அதிகம் தென்படும். 'என்னை யாருக்கும் புரியவில்லை' என்பது அதன் பெயர். அடையாளம் காண்பது சுலபம். மேலுதட்டை அடிக்கடி தடவிப் பார்க்கும். அங்கே நேற்று இல்லாதது இன்றைக்கும் இருக்காது. இடுப்பில் கை வைத்துக் கடலையே பார்க்கும், காற்று தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் வீச வேண்டும் என்பதுபோல. தண்ணீர் எடுக்கப் போகும் ஒரு பெண்ணை மனசுக்குள்ளேயே காதலித்து, மனசுக்குள்ளேயே சண்டை போட்டு, மனசுக்குள்ளேயே மன்னித்தும் விடும். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கோட்டைக்குப்பத்துச் சிங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "சின்னப் பையன் நீ, படகுல பின்னால குந்து" என்று அவன் நைனா கங்காதரன் ஒருநாள் சொல்லிவிட்டார். போதாதா? கடலில் நங்கூரம் போட்டிருந்த ஒல்லாந்துக்காரன் கப்பலில் ஏறிப் போய்விடுவதென்று முடிவு செய்தான். சத்தமில்லாமல் போனானா? இந்த இனம் சொல்லிக்கொள்ளாமல் ஓடவே ஓடாது. வீடு வீடாய் விடைபெற்றான், ஆட்டுக்குட்டியிடம்கூட.

"நான் போறேம்மா. இனிமே தேடாதீங்க."

"கஞ்சியக் குடிச்சிட்டுப் போடா, ஆறிப்பூடும்" என்றாள் அம்மா செல்வம்மாள்.

குடித்தான். கோபத்தோடு இன்னொரு தரமும் வாங்கிக் குடித்தான்.

அவன் தேர்ந்தெடுத்த நாள்தான் விசேஷம். அன்று கங்காதரன் வீட்டுப் பாடு. முகத்துவாரத்தில் மீன் திரளும் இடத்தில் வலை போடக் குப்பத்து வீடுகள் முறை வைத்திருந்தன. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். குப்பத்துத் தலைவர் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அந்த வீட்டு ஆள் இரண்டு பேர் தண்ணீரில் நிற்க வேண்டும். இரவல் ஆள் செல்லாது. நிற்காவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மழைக்காலம் கழிந்துதான் திரும்பி வரும். மூத்தவன் சின்னதம்பியோ காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். மிச்சம் சிங்காரம்தான்.

"அவனக் கூப்புட்டா இன்னாவாம்?" என்றாள் செல்வம்மாள்.

"அவனா வரட்டும்" என்றார் நைனா.

"அவரா கூப்புடட்டும்" என்றான் மகன். இருவருக்கும் நடுவே ஓர் ஓலைத்தட்டிதான் இருந்தது.

கப்பலுக்குத் துணிப்பொதி ஏற்றிப்போகும் படகில், சிநேகிதன் மக்பூல் தன் வாப்பாவிடம் கெஞ்சி இடம் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"கப்பல்ல பொழுதுக்கும் காஞ்ச ரொட்டிதானாம்டா. பல்லு பத்திரம்."

"சிரிக்காத. நான் திரும்பி வரச்சொல்ல என்னை ஒனக்கு அடையாளமே தெரியாது."

"இப்பவே தெரில. நேத்து தடவிக்கினு இருந்த மீசையக் காணோமே?"

படகு முகத்துவாரத்துக்கு வந்தது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் நைனா தனியாக நின்றார். வலையின் ஒரு தலைப்பு அவர் கையில். மற்றது நீரோட்டத்தில் அலைந்துகொண்டிருந்தது. அவர் கரையைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதென்று கழுத்தை அவ்வளவு விறைப்பாக வைத்திருந்தார்.

"கங்காதரன் வூடு!" என்று கூவினார் தலைவர். அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் வலையை அவிழ்க்கவே தொடங்கிவிட்டார்கள். "ரெண்டாவது ஆள் யாருப்பா?"

நம் கப்பல் வீரன் என்ன செய்தான்? கரையை விட்டுப் பிரியும்போது சொல்வதற்கென்று நல்லதாக ஒரு வசனம் யோசித்து வைத்திருந்தான். அது வாய்க்கு வருவதற்குள் ஆள் தண்ணீரில் கிடந்தான், மூட்டையோடு.

"நான்தான்!" உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தியது குப்பம் முழுக்கக் கேட்டது.

நைனா திரும்பாமலே கேட்டார்: "கப்பல் இன்னாச்சு?"

"காத்து சரியில்ல."

"ம்." வலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "முன்னால வந்து புடி" என்றார்.

வலையை இழுத்துப் போட்டுவிட்டு இருவரும் மணலில் ஏறினார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் கடலைப் பார்த்து நின்றார்கள். நாலு கையும் இடுப்பில் இருந்தன. செல்வம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கஞ்சி ஊற்றப் போனாள்.

ஆக, பதினாறு வயது என்று மேலே சொன்னதை அடித்துவிடுங்கள். நாற்பதிலும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. அது கிடக்கட்டும், 'அவங்களா கூப்புடட்டும்' என்று நீங்கள் யார் வாசலுக்குப் போகாமல் இருக்கிறீர்கள்? சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டது. அதற்கு ஏன் இடுப்பில் கை வைக்கிறீர்கள்?