நூத்துக்கு நூறு சுத்தமான மிளகா

மனுசன் பொய் சொல்லுவான், தராசு பொய் சொல்லும், மரபணு மட்டும் சாகுற வரைக்கும் பொய் சொல்லாது. இந்த மகா உண்மைய மலேசியாவுல ரந்தாவ் பக்கத்து விதைக் கம்பெனி ஒண்ணு பேனராவே அடிச்சு வாசல்ல கட்டியிருந்துச்சு.

அங்க பார்ட் டைம் வேலைக்குச் சேந்த பதினேழு வயசு புனிதாவுக்குக் கிடைச்சது லேசுப்பட்ட பொறுப்பில்ல. கலப்பின மிளகா விதையில நூறு முளைக்க வச்சு, நாத்துக்கு ஒரு துண்டு எலை கிள்ளி லேபுக்கு அனுப்பணும். மெஷின்ல அம்மா செடிக்கு ஒரு கோடு, அப்பா செடிக்கு ஒரு கோடு. ரெண்டும் தெரிஞ்சா 'சுத்தமான கலப்பு'. அம்மா கோடு மட்டும் தெரிஞ்சா அப்பன் பேரு தெரியாத மிளகா.

லேபுக்கு அனுப்புற அன்னிக்குக் காலையில எஸ்டேட் ஆடு ஒண்ணு பூந்து தொண்ணூத்தொம்பது நாத்த மேஞ்சிருச்சு. புனிதா அங்கயே உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா.

"ஏம்மா அழுவுற?"ன்னாரு முருகையா. எஸ்டேட்டுல ஆள் மேய்ச்ச முன்னாள் மண்டோர், இந்நாள் 'தர அதிகாரி'. "தோட்டத்துல முப்பது வருசம் காலம்பறப் பெரட்டுல பேரு கூப்புட்டவன் நானு. வராத ஆளுக்கெல்லாம் வந்த ஆளு கை தூக்குவான். எல்லாரும் ஆஜர்! இந்த ஒண்ணு கொழுகொழுன்னு நிக்குதே, போதும் லா."

ஒரே செடியில நூறு துண்டு. ரிசல்ட் வந்துச்சு: நூத்துக்கு நூறு சுத்தம்! 'இப்பிடி ஒத்துமையான குடும்பத்த நாங்க பாத்ததே இல்ல'ன்னு லேப்காரங்களே உருகி எழுதியிருந்தாங்க. மேனேஜர் அமிர்தலிங்கம் கண்ணு கலங்கிட்டாரு. கேக் வெட்டுனாங்க. பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு தங்கக் கலர்ல 'மரபணு சர்டிபிகேட்' ஒட்டுனாங்க.

புனிதா மட்டும் கேக்க அப்பிடியே வச்சுட்டா. அவ அப்பா சன்னாசி நாளைக்கு ரெண்டு ஏக்கருக்கும் இதே விதையத்தான் போடப் போறாரு. கண்டதும் கலந்து மொளச்சா வருசப் பொழப்பே போச்சு.

நேரா மேனேஜர் ரூமுக்குப் போயி ஒரே மூச்சுல கொட்டிட்டா. "ஆடு தின்னுருச்சு பாஸ். ஒரே செடி பாஸ். நூறும் அதான் பாஸ்."

அமிர்தலிங்கம் எந்திரிச்சுக் கதவச் சாத்துனாரு.

"சர்டிபிகேட்ல ஆடு இருக்கா?"

"இல்ல பாஸ்."

"அப்ப ஆடே வரல."

"எங்கப்பா நாளைக்கு இதத்தான் போடுறாரு பாஸ்."

அவரு மூஞ்சி வெளுத்துருச்சு. "ஐயோ, அத மொதல்லயே சொல்லக்கூடாதா பாப்பா?" மேசை லாச்சியத் தொறந்து, பழைய பேப்பர்ல மடிச்ச வெதைப் பொட்டலம் ஒண்ண எடுத்து நீட்டுனாரு. "எங்க வீட்டுத் தோட்டத்துக்கு இதான். நம்பிப் போடச் சொல்லு."

"மத்தவங்களுக்கு பாஸ்?"

"அவங்களுக்குத்தான் சர்டிபிகேட் இருக்கே!"